விண்டோஸ் எக்ஸ்பி நிறுவும்போது 7பி நீலத்திரை: ஹார்ட் டிஸ்க்கை மாற்ற வேண்டாம்

நண்பரே, சிடியிலிருந்து கோப்புகள் ஏறி முடிந்ததும் 7பி நீலத்திரை (0x7B, விண்டோஸால் டிஸ்க்கை அணுக முடியாத பிழை) வருகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் டிஸ்க்கில் கோளாறு இருக்காது. எக்ஸ்பி 2001-இல் வந்தது, சாட்டா டிஸ்க்குகளைக் கையாளும் புதிய முறையான ஏ.எச்.சி.ஐ.-க்கு டிரைவர் அதன் சிடியில் கிடையாது, சர்வீஸ் பேக் 3 சேர்ந்த சிடியிலும் இல்லை. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) சாட்டா மோடை ஐ.டி.இ. (எக்ஸ்பிக்குத் தெரிந்த பழைய முறை) ஆக்கி நிறுவுங்கள். சில மடிக்கணினிகளில் அது 'கம்பேட்டிபிள்' என்றிருக்கும்.

அந்தத் தேர்வே இல்லையென்றால், உங்கள் சிப்செட்டுக்கான சாட்டா டிரைவரை என்லைட் (நிறுவல் சிடியை மாற்றியமைக்கும் மென்பொருள்) கொண்டு சேர்த்துப் புது சிடி எழுதுங்கள். நிறுவலின் தொடக்கத்திலேயே ஏறும் 'டெக்ஸ்ட்மோட்' வகையாகச் சேர்ப்பது முக்கியம். தவறினால் அதே நீலத்திரைதான்.

நிறுவியதும் அவசரப்பட்டு ஏ.எச்.சி.ஐ.-க்கு மாற்றாதீர்கள், டிரைவர் பதியாமல் மாற்றினால் மறுபடி 7பி. எஸ்எஸ்டி என்றால் பார்ட்டிஷனை ஜிபார்ட்டெட் என்ற டிஸ்க் பிரிக்கும் மென்பொருளில் முன்கூட்டியே பிரித்து, 2048-ஆம் செக்டரில் தொடங்க வையுங்கள். எக்ஸ்பியே பிரித்தால் 63-ஆம் செக்டரில் தொடங்கும். அதனால் எஸ்எஸ்டியில் எழுதும் வேகம் குறையும்.