எளிதில் வெல்வதற்காக, போட்டிக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் தீவிரப் போக்குள்ளவரை வளர்த்துவிடுவது எப்படி?

இதற்குச் செலவிடும் பணம் அந்த வேட்பாளரின் கைக்குப் போவதில்லை. அவரைத் தாக்குவதுபோல் எடுக்கப்படும் விளம்பரத்துக்குத்தான் போகிறது. அமெரிக்காவின் மிசௌரியில் 2012-இல் ஜனநாயகக் கட்சி செனட்டர் கிளேர் மெக்கஸ்கில், யாரை எளிதில் வெல்லலாம் என்று கருத்துக்கணிப்பு எடுத்துப் பார்த்தார். பிறகு குடியரசுக் கட்சியின் டாட் அகினை ‘மிதமிஞ்சிய பழமைவாதி’ என்று சாடி, சுமார் 17 லட்சம் டாலருக்கு விளம்பரம் செய்தார். அக்கட்சி வாக்காளர்களுக்கு அது வசையல்ல, பரிந்துரை. அகின் முதல்நிலையில் வென்று, நவம்பரில் மெக்கஸ்கிலிடம் தோற்றார்.

2022-இல் மிச்சிகனின் 3-ஆம் தொகுதியிலும் இதே உத்திதான். ஜனநாயகக் கட்சித் தரப்பின் செலவு 4 லட்சம் டாலருக்கு மேல். டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்தை ஆதரித்த குடியரசுக் கட்சி உறுப்பினர் பீட்டர் மையர், முதல்நிலையில் அந்த விளம்பரம் வளர்த்துவிட்ட ஜான் கிப்ஸிடம் தோற்றார். நவம்பரில் தொகுதி ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தது. ஆனாலும் துணிந்து வாக்களித்த ஒருவரை வீழ்த்தப் பணம் கொடுத்தது தவறு. பொதுத்தேர்தலில் காற்று திசைமாறினால், வளர்த்துவிட்டவரே பதவியில் அமர்ந்துவிடுவார்.