வாசகர் கேள்வி: மாத்தி மாத்தி பார்ட் போட்டும் சஸ்பென்ஷன் சத்தம் போகல, கார் கம்பெனிய கேக்க முடியுமா?

கேள்வி: சார் வணக்கம். லோன் போட்டு 12 லட்சத்துக்கு ஒரு சின்ன எஸ்யூவி எடுத்தோம். ஒரு வருஷம் கூட முடியல, ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினா முன்னாடி இடது பக்க சஸ்பென்ஷன்ல (குலுக்கல தாங்கற அமைப்பு) கட கடன்னு சத்தம். சர்வீஸ்ல விட்டா முதல்ல லிங்க் ராட் மாத்தினாங்க, கொஞ்ச நாள்ல திரும்ப அதே சத்தம், அப்புறம் லோயர் ஆர்ம் புஷ் (ரப்பர் பார்ட்), அப்புறம் ஸ்ட்ரட் மவுண்ட், இப்ப என்னடான்னா "புஷ் எல்லாம் தேய்மானம் சார், நம்ம ரோடு அப்படி, வாரண்டில வராது"ங்கறாங்க. டீலர் கம்பெனிய கேளுங்கங்கறாரு, கம்பெனி டீலர்ட்ட போங்கங்கறாங்க. எங்க வாட்ஸ்அப் குரூப்ல இதே மாடல் வச்சிருக்கற நிறைய பேருக்கு இதே கதைதான். வேற வண்டி குடுங்கன்னு கேஸ் போடலாமா?
- பெயர் வேண்டாம், பொள்ளாச்சி

பதில்: கேஸ் போடலாம் சார். ஆனா கேஸ் நிக்கறதும் படுக்கறதும் உங்க ஜாப் கார்டுல (சர்வீஸ்ல விடும்போது புகார எழுதற பேப்பர்) இருக்கு. ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் அட்வைசர் "நாய்ஸ் செக்"னு ரெண்டே வார்த்தை எழுதி கையெழுத்து வாங்கிட்டு விட்டுடுவாரு, நாளைக்கு நுகர்வோர் கமிஷன்ல அந்த பேப்பர பாத்தா அது ஒவ்வொண்ணும் வேற வேற ரிப்பேர் மாதிரிதான் தெரியும், ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வருதுன்னு யாருக்கும் தெரியாது. அதனால அடுத்த தடவை விடும்போது "இன்ன தேதில இதே புகாருக்கு இந்த பார்ட் மாத்தினீங்க, திரும்ப அதே சத்தம்"னு எழுத வைங்க, எழுதலன்னா கையெழுத்து போடாதீங்க. டெக்னீஷியன பக்கத்துல உக்கார வச்சு ஓட்டிக் காட்டுங்க, அவரு சத்தம் இருக்குன்னு ஒத்துக்கிட்டா அதையும் கார்டுலயே எழுதச் சொல்லுங்க. வாரண்டில கழட்டின பழைய பார்ட்ட பெரும்பாலும் தரமாட்டாங்க, பரவால்ல, ரப்பர் எங்க கிழிஞ்சிருக்கு, நடுவுல இருக்கற இரும்பு குழாய விட்டு பிரிஞ்சிருக்கான்னு தெரியற மாதிரி பார்ட் நம்பரோட போட்டோ எடுத்துக்கோங்க, கிலோமீட்டர் மீட்டரயும் சேர்த்து.

புது வண்டி கேக்கறது பத்தி ஒளிவு மறைவில்லாம சொல்றேன், அது லேசுல கிடைக்காது. கிளட்ச் கோளாறுன்னு வந்த மாருதி உத்யோக் வழக்குல தேசிய நுகர்வோர் கமிஷன் வண்டியவே மாத்திக் குடுன்னு சொல்லிச்சு, ஆனா 2006ல சுப்ரீம் கோர்ட், வாரண்டில பழுதான பார்ட்ட மாத்தறதுக்குத்தான் பொறுப்பு ஏத்திருக்காங்க, முழு வண்டிக்கு இல்லைன்னு சொல்லி நஷ்டஈடோட நிறுத்திடுச்சு. அதனால மனுவுல படிப்படியா கேளுங்க: கோளாற நிரந்தரமா சரி பண்ணு, முடியலன்னா வண்டிய மாத்து இல்ல பணத்த குடு, அதோட அலைச்சலுக்கு நஷ்டஈடு. டீலரையும் கம்பெனியையும் ரெண்டு பேரையும் எதிர்மனுதாரரா சேர்க்கணும். டீலர் செஞ்ச தப்புக்கு எல்லாம் கம்பெனி தானா பொறுப்பாகிடாதுன்னு 2021ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, அதனால தயாரிப்புலயே கோளாறு, சர்வீஸ்ல மட்டும் இல்லைன்னு கம்பெனி மேல தனியா, தெளிவா எழுதணும்.

2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல ப்ராடக்ட் லயபிலிட்டின்னு (பொருளால வர்ற பாதிப்புக்கான பொறுப்பு) ஒரு அத்தியாயம் இருக்கே, அத போடலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. அதுல சொல்ற பாதிப்பு ஆளுக்கு அடிபடறது, வேற சொத்து சேதமாகறது, இதுதான், அந்தப் பொருளுக்கே வந்த சேதம் அதுல சேராது. உங்களுக்கு விபத்து எதுவும் இல்லாததால குறையுள்ள பொருள்னு சாதாரண புகாரா போறதுதான் சரி. வண்டி விலை 50 லட்சத்துக்குள்ளதான், மாவட்ட கமிஷனே போதும், நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், 12 லட்சத்துக்கு ஃபீஸ் 400 ரூபாதான். 2 வருஷம் கெடு இருக்கு, சத்தம் எப்ப ஆரம்பிச்சுதுன்னு பாத்துட்டு சீக்கிரம் போடுங்க. "ரோடு சரியில்ல"ன்னு கண்டிப்பா வாதாடுவாங்க, அப்ப வண்டிய நிபுணர வச்சு சோதிக்கணும்னு கமிஷன்ட்டயே மனு போடுங்க, அந்தச் செலவ முதல்ல உங்களையே கட்டச் சொல்லுவாங்க.

இந்த ரோடு, டிரைவர் மேல பழி போடறது இங்க மட்டும் இல்ல சார். 2020 அக்டோபர்ல சீனாவுல டெஸ்லா மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார் சுமார் 30,000த்த சஸ்பென்ஷன் லிங்க் உடையற பிரச்சினைக்காக திரும்ப எடுத்தாங்க, அதே கம்பெனி அமெரிக்க அரசுக்கு எழுதின கடிதத்துல இது கோளாறே இல்ல, ஓட்டறவங்க வண்டிய தப்பா ஓட்டறதுதான் காரணம்னு சொல்லிச்சு. கம்பெனி ஒத்துக்காட்டியும் அரசு அமைப்பு நினைச்சா நடக்கும், அதுக்குத்தான் உங்க குரூப் ரொம்ப முக்கியம். மோட்டார் வாகன சட்டத்துல 110ஏ பிரிவுப்படி, அரசு குறிச்ச சதவீத உரிமையாளர்கள் புகார் குடுத்தா ரீகால் (கம்பெனியே வண்டிகள திரும்ப எடுக்கணும்னு) உத்தரவு போட மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கு, 2021 ஏப்ரல்லருந்து அமல்ல இருக்கு, 7 வருஷத்துக்குள்ள உள்ள வண்டிகளுக்கு. குரூப்ல புலம்பிட்டு இருக்கற எல்லாரையும் மத்திய போக்குவரத்து அமைச்சகத்தோட பரிவாஹன் வெப்சைட் ரீகால் பக்கத்துல தனித்தனியா அவங்கவங்க வண்டி நம்பரோட புகார் போட வைங்க, அதுல சத்தம்னு மட்டும் எழுதாதீங்க, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்குது, டயர் உள்பக்கம் தேயுதுன்னு இருந்தா அத எழுதுங்க, ஏன்னா அந்தப் பிரிவு பாக்கறது பாதுகாப்பத்தான். கமிஷன்லயும் நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரே புகாரா போடலாம், சுப்ரீம் கோர்ட் 2021 டிசம்பர்ல ஒத்துக்கிட்ட விஷயம்.

கேள்வி: எனக்கும் இதே பிரச்சினை, ஆனா மஞ்ச போர்டு வண்டி. கன்ஸ்யூமர் கேஸ் போட முடியாதுன்னு ஒரு வக்கீல் சொன்னாரு, நிஜமா?
- கால் டாக்ஸி ஓட்டுநர், திருப்பூர்

பதில்: நீங்களே ஓட்டி, அந்த வருமானத்துலதான் குடும்பம் நடக்குதுன்னா போடலாம் அண்ணே. சுயதொழில் செஞ்சு பிழைக்கறதுக்காக வாங்கின பொருள வணிக நோக்கம்னு சட்டம் எடுத்துக்காது. நாலு வண்டி வாங்கி டிரைவர் போட்டு ஓட்டினாதான் சிக்கல். மனுவோட முதல் பாராவுலயே நான்தான் ஓட்டறேன், வேற வருமானம் இல்லைன்னு எழுதி, லைசென்ஸ் காப்பியையும் சேர்த்துடுங்க.