ஜென்டூவா, மின்ட்டா? பழைய லேப்டாப்புக்கு எது சரி

கேள்வி: என்னிடம் இருப்பது 6-ஆம் தலைமுறை இன்டெல் ஐ5 லேப்டாப். 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். பிரவுசர் திறக்கவே ரொம்ப நேரம் எடுக்கிறது. விண்டோஸ் 11-க்கு இந்த மெஷின் தகுதி பெறவில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. லினக்ஸுக்கு மாறலாம் என்றிருக்கிறேன். அதன் வகைகளில் ஜென்டூ, மின்ட் என்ற இரண்டுக்கு நடுவில் குழப்பம். "ஜென்டூ போடு, எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து உன் பிராசஸருக்கு ஏற்ற ஓடும் நிரலாகக் கம்பைல் செய்துகொள், பறக்கும்" என்கிறார் ஒரு நண்பர். மின்ட் போதும் என்கிறார் இன்னொருவர். எனக்குத் தேவை பிரவுசர், லிப்ரேஆபீஸ், தமிழ்99 தட்டச்சு, கொஞ்சம் பைத்தான். எதைப் போடுவது?

பதில்: இலகுவான திரைச்சூழலோடு வரும் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள். அதற்கு முன்னால் அந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு சுழலும் பாகம் இல்லாத, வேகமான ஒரு சாட்டா எஸ்எஸ்டி மாட்டுங்கள். உங்கள் லேப்டாப்பை இழுத்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் அந்தச் சுழலும் டிஸ்க்தான். எந்த கம்பைலராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

நண்பர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. டெபியன், உபுண்டு, மின்ட் ஆகிய லினக்ஸ் வகைகள் எல்லாம் முன்பே கம்பைல் செய்து ஆயத்தமாகக் கட்டிய மென்பொருள் பேக்கேஜ்களைத் தருகின்றன. 2003-இல் வந்த முதல் 64-பிட் ஏஎம்டி பிராசஸரிலும் ஓட வேண்டும் என்று பொதுவாகக் கட்டப்பட்டவை அவை. உங்கள் ஐ5-இல் இருக்கும் ஏவிஎக்ஸ்2 போன்ற புதிய வசதிகள் இருக்கும் என்று அவை நம்புவதில்லை. ஜென்டூவில் மூலநிரலை இறக்கி, உங்கள் பிராசஸருக்கென்றே கம்பைல் செய்யலாம். வித்தியாசம் தெரிய வேண்டும்தானே?

அங்கேதான் விஷயம். வீடியோ, என்கிரிப்ஷன் மாதிரி பிராசஸரைப் பிழியும் வேலைகளைச் செய்யும் எஃப்எஃப்எம்பெக், ஓபன்எஸ்எஸ்எல் போன்றவை ஒரே வேலைக்குப் பல வடிவங்களை உள்ளேயே வைத்திருக்கின்றன. ஓடும்போது பிராசஸரைப் பார்த்துப் பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும். ஆயத்தப் பேக்கேஜிலும் அப்படித்தான். மிச்சமிருக்கும் வேலைகளில் உங்கள் கணினி பெரும்பாலும் டிஸ்க்குக்கோ இணையத்துக்கோதான் காத்திருக்கிறது. லிப்ரேஆபீஸில் கடிதம் அடிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

ஜென்டூவின் உண்மையான பலம் வேறு: யூஸ் ஃப்ளாக், அதாவது மென்பொருளில் எந்த வசதி வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் சுவிட்ச். பிரிண்டர் வேண்டாமா, அச்சிடுவதற்கான கப்ஸ் ஃப்ளாகை அணைத்துவிட்டால் அந்த நிரல்பகுதி கட்டப்படவே மாட்டாது, அதற்குத் துணையாக வரும் பேக்கேஜ்களும் வராது. டெபியன்காரர்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கட்டுவதால் ஏறக்குறைய எல்லாவற்றையும் சேர்த்தே தருகிறார்கள். தனக்கென ஓர் இயங்குதளத்தைச் செதுக்குகிறவருக்கு பேக்கேஜ்களைக் கட்டி நிறுவும் ஜென்டூவின் போர்ட்டேஜ் அருமையான கருவி. கூகுளின் குரோம் ஓஎஸ்ஸே போர்ட்டேஜ் வைத்துத்தான் கட்டப்படுகிறது. ஆனால் உங்கள் பட்டியலில் அப்படி எதைச் செதுக்கப் போகிறீர்கள்?

விலை என்னவென்றும் பாருங்கள். கம்பைல் செய்யும்போது ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு இணை வேலைக்கும் சுமார் 2 ஜிபி ரேம் வேண்டும் என்பது ஜென்டூவில் வழக்கமான கணக்கு. உங்களுடையது இரண்டு கோர், நான்கு திரெட் வகையாக இருந்தால், நான்கு வேலையை ஒன்றாக ஓட்டினாலே 8 ஜிபியும் காலி. பிரவுசர் எஞ்சினான கியூடி வெப்எஞ்சின் மாதிரி ராட்சதப் பேக்கேஜை அப்படி ஓட்டிவிட்டுத் தூங்கினால், காலையில் திரையில் 'கில்டு' என்ற ஒற்றைச் சொல்தான் நிற்கும்: ரேம் தீர்ந்து, லினக்ஸின் மையமான கர்னலே கம்பைலரைக் கொன்றிருக்கும். இணை வேலையை இரண்டாகக் குறைத்தால் தப்பிக்கலாம், ஆனால் நேரம் இழுக்கும். இதற்குத்தான் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆபீஸ் இரண்டுக்கும் ஜென்டூவே கட்டி முடித்த வடிவத்தையும் வைத்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் நீங்கள் அதிகம் புழங்கும் இரண்டும் ஆயத்தமாகவே வரப்போகின்றன!

பராமரிப்பும் இருக்கிறது. 2024 மார்ச்சில் ஜென்டூ 23.0 புரொஃபைல்களை (கணினியின் அடிப்படை அமைப்புத் தொகுப்புகளை) வெளியிட்டபோது, பழையதிலிருந்து மாறுகிறவர்கள் நிறுவியிருந்த பேக்கேஜ் அத்தனையையும் மறுபடி கட்ட வேண்டியிருந்தது. ஆறு மாதம் அப்டேட் செய்யாமல் விட்டால், அதற்குள் பைத்தான் பதிப்பும் மாறியிருந்தால், சிக்கலைப் பிரிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். மின்ட் 22 வரிசைக்கோ 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். மேம்படுத்துவதற்கு முன் டைம்ஷிஃப்ட் கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட் (பழைய நிலைக்குத் திரும்ப உதவும் நகல்) எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

டெபியன் 13-உம் நல்ல தேர்வுதான். முதன்முறை மாறுகிறவருக்கு வன்பொருளுக்கான டிரைவர்களை நிறுவித்தரும் மின்ட்டின் டிரைவர் மேனேஜர் கொஞ்சம் கைகொடுக்கும் என்பதால் அதை முதலில் சொன்னேன். தமிழ்99-க்கு ஐபஸ்-எம்17என் பேக்கேஜை நிறுவுங்கள். பைத்தானுக்கு வென்வ் என்ற தனிச்சூழல் வைத்துக்கொள்ளுங்கள், இப்போதெல்லாம் அது இல்லாமல் நேரடியாகப் பிப் கொண்டு பைத்தான் பேக்கேஜ் நிறுவப் போனால் மறுத்துவிடும். என்றாவது ஒரே ஒரு மென்பொருளை உங்கள் விருப்பப்படி கட்ட வேண்டியிருந்தால், அதன் மூலநிரலை மட்டும் மின்ட்டின் பேக்கேஜ் கருவியான ஆப்ட் வழியாக இறக்கிக் கம்பைல் செய்யலாம். அதற்காக முழு இயங்குதளத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி: 2023 டிசம்பரிலிருந்து ஜென்டூவும் ஆயத்தப் பேக்கேஜ்களை அதிகாரபூர்வமாகவே தருகிறது. உங்கள் யூஸ் ஃப்ளாக் அதோடு பொருந்தினால் இறக்கிக்கொள்ளும், பொருந்தாவிட்டால் கம்பைல் செய்யும். ஆக, இரண்டுக்கும் நடுவில் இருந்த சுவர் முன்போல் உயரமாக இல்லை.

லினக்ஸ் உள்ளே எப்படிப் பொருந்துகிறது என்று கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால் ஜென்டூவைத் தொடாமல் விடாதீர்கள், அதன் கையேடு அவ்வளவு தெளிவானது. புது எஸ்எஸ்டியில் 60 ஜிபி பார்ட்டிஷன் ஒதுக்கி, மின்ட்டில் இருந்தபடியே ஜென்டூவின் அடிப்படைத் தொகுப்பான ஸ்டேஜ்3 கோப்பை அதில் விரித்து, சிஎச்ரூட் கட்டளையால் அந்த ஜென்டூவுக்கு உள்ளே போங்கள். ஒரு டெர்மினலில் கம்பைல் ஓடும், பக்கத்தில் பிரவுசரில் கையேட்டைப் படிக்கலாம். கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடரைத் தொடும் கட்டம் வரும்வரை மின்ட்டுக்கு ஆபத்தில்லை. தொடங்கும் முன் லேப்டாப்பின் ஃபேனில் தூசி தட்டிவிடுங்கள், மணிக்கணக்கில் முழுவேகத்தில் சுற்றப்போகிறது.