ஃபார்வுக்கு வந்த பார்க்கின்சன் என் மகனுக்கும் வருமா?

கேள்வி: நாங்கள் டெக்ஸாஸில் வசிக்கிறோம். 15 வயது மகன் பள்ளி அணியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறான். போன மாதம் பயிற்சியில் தலை மோதி, சில நாள் தலைவலியும் கண் கூச்சமும் இருந்தன. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. சரியாகிவிட்டது என்கிறான். ஆனால் பயிற்சிக்குக் கிளம்பும் முன் ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டேன். ஓய்வுபெற்ற ஃபுட்பால் நட்சத்திரம் பிரெட் ஃபார்வுக்குப் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கணவரோ, "அவர் மாதிரி ஒரு மேட்ச் விடாமல் ஆடணும்" என்று பையனை ஏற்றிவிடுகிறார். இவனுக்கும் அந்த நோய் வருமா? மூளையைப் பாதுகாக்க மாத்திரை இருக்கிறதா? என் மாமனாருக்கும் காபி டம்ளரைத் தூக்கும்போது கை நடுங்குகிறது. அது பரம்பரையாக வருமோ?

பதில்: முதலில் அந்த ஐபுப்ரோஃபென். தலைவலி இல்லாத பையன் எதற்கு மாத்திரை போடுகிறான்? கன்கஷன், அதாவது தலையில் அடிபட்டு மூளை குலுங்கி அதன் வேலை தடுமாறுவது, ஆறிவிட்டதா என்று நமக்குச் சொல்லும் முக்கிய அடையாளமே தலைவலிதான். அதை அமுக்கிவிட்டுக் களத்தில் இறங்கினால், ஆறாத மூளையின் மேல் அடுத்த அடி விழும். வளரும் வயதில் அப்படி விழும் இரண்டாவது அடி, அரிதாகத்தான் என்றாலும், மூளையைத் திடீரென வீங்க வைத்து உயிரையே பறிக்கலாம். ஆகவே இன்றைக்கே ஆட்டத்தை நிறுத்துங்கள். ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். ஸ்கேனில் தெரிவது ரத்தக்கசிவும் எலும்பு முறிவும். கன்கஷனில் கெடுவது நரம்புச் செல்களின் வேலை; அது படத்தில் விழாது. ஹெல்மெட்டும் மண்டையோட்டைத்தான் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது.

உங்கள் கணவர் சொல்லும் அந்த 'விடாமல்' பற்றிக் கொஞ்சம் பேசலாம். ஃபார்வ் பெரிய ஆட்டக்காரர், சந்தேகமில்லை. கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்; 1995, 96, 97 என்று வரிசையாக மூன்று முறை தொழில்முறை லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது, 1997 ஜனவரியில் சூப்பர் பௌல் என்ற இறுதிப்போட்டியில் வெற்றி. 1992 முதல் 2010 வரை, பிளே ஆஃப் என்ற நாக் அவுட் ஆட்டங்களைச் சேர்க்காமலே, தொடர்ந்து 297 ஆட்டங்களில் முதல் ஆளாக இறங்கினார்.

ஒரு டாக்டராக அந்த 297-ஐப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. உடைந்த உடம்போடு வாராவாரம் இறங்க வலி மாத்திரை தேவைப்பட்டது. 1996 மே மாதம், விகோடின் என்ற மாத்திரைக்கு அடிமையாகிவிட்டதாக அவரே அறிவித்துவிட்டு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். விகோடின் என்பது ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மருந்தும் பாரசிட்டமாலும் கலந்த மாத்திரை. முன்னது ஆளை அடிமையாக்கும்; பின்னது அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். 2004-ல் ஜயண்ட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் கன்கஷனோடு வெளியே வந்தவர், டாக்டர்களின் அனுமதி இல்லாமலே திரும்ப உள்ளே போய், புள்ளி எடுத்துத் தரும் ஒரு டச்டவுன் பாஸ் எறிந்தார். அதை எறிந்ததே நினைவில் இல்லை என்று பிறகு சொன்னார். ரசிகர்கள் இதை வீரம் என்று கொண்டாடினார்கள். என் கிளினிக்கில் ஒருவர் இதைச் சொன்னால் உடனே நியூரோ டாக்டரிடம் அனுப்பியிருப்பேன். 2010 டிசம்பரில் தோள் காயத்தால் அந்தத் தொடர் அறுந்தது. அடுத்த வாரமே மினியாபொலிஸில் உறைந்த தரையில் தலை மோதியது. அதுதான் கடைசி ஆட்டம்.

2024 செப்டம்பரில், வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொல்ல வந்தபோதுதான் பார்க்கின்சன் இருப்பதை வெளியிட்டார். அடிகளால்தான் வந்ததா? ஒரு தனி மனிதரைக் காட்டி அப்படி உறுதியாகச் சொல்ல எந்தப் பரிசோதனையும் இல்லை. கூட்டமாக ஆராய்ந்தால் தொடர்பு தெரிகிறது. அமெரிக்கப் படைவீரர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், லேசான தலைக்காயம் பட்டவர்களுக்கே பார்க்கின்சன் அபாயம் 56 சதவீதம் கூடுதல். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் அடிப்படை அபாயம் சிறியது என்பதால் ஒன்றரை மடங்கு ஆனாலும் சிறியதுதான். தலைக்காயம் பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. ஒரே ஒரு கன்கஷனுக்காக நீங்கள் தூக்கத்தை இழக்க வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப விழும் அடிகள்தான் என் கவலை. கன்கஷன் என்று பெயர் வாங்காத சிறு மோதல்களும் இந்தக் கணக்கில் சேரும். 14 வயதுக்கு முன் பிள்ளைகளை டேக்கிள் ஃபுட்பால் (எதிராளியை மோதி வீழ்த்தும் ஆட்டம்) ஆட விடாதீர்கள் என்று 2021-ல் பிரச்சாரம் செய்தவர் இதே ஃபார்வ்தான். கணவரிடம் இதையும் சொல்லுங்கள்.

அடுத்தது மாத்திரை. கன்கஷனைக் குணமாக்கவோ தடுக்கவோ அங்கீகாரம் பெற்ற மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை. இந்த ஆசை எவ்வளவு தூரம் இழுத்துப் போகும் என்பதற்கும் ஃபார்வின் கதையே சாட்சி. கன்கஷனுக்கு மருந்து கண்டுபிடிப்பதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தில் அவர் பணம் போட்டிருந்தார். மிசிசிப்பி மாநிலத்தில் ஏழைக் குடும்பங்களுக்கான நலநிதியிலிருந்து சுமார் 20 லட்சம் டாலர் அங்கே போனது. அதன் நிறுவனர் 2024-ல் நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதே நிதியிலிருந்து, பேசாத பேச்சுகளுக்காக ஃபார்வுக்கு 11 லட்சம் டாலர் தரப்பட்டதாக மாநிலத் தணிக்கையாளர் கண்டுபிடித்தார். அந்தத் தொகையை அவர் திருப்பிக் கட்டினார். மாநில அரசு தொடுத்த சிவில் வழக்கில் அவர் பெயரும் இருக்கிறது. அவர் மீது குற்ற வழக்கு எதுவும் போடப்படவில்லை, தவறு செய்யவில்லை என்றே அவரும் சொல்கிறார். அது நீதிமன்றத்தின் வேலை. நமக்கு வேண்டியது, 'மூளைக்குப் பாதுகாப்பு' என்று லேபிள் ஒட்டிய எந்த டப்பாவையும் வாங்காமல் இருப்பது.

சரி, என்ன செய்வது? டெக்ஸாஸில் 2011 முதலே சட்டம் இருக்கிறது. கன்கஷன் பட்ட மாணவனை டாக்டரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் திரும்ப ஆட விடக் கூடாது. அனுமதி கொடுத்த டாக்டரிடம் மாத்திரை விஷயத்தைப் பையன் மறைத்திருப்பான். நீங்கள் போய்ச் சொல்லுங்கள். மாத்திரை இல்லாமல், அறிகுறி இல்லாமல், நடையில் தொடங்கி ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலி வந்தால் ஒரு படி கீழே. அடிபட்ட பிறகு விடாத வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் பலமின்மை, எழுப்பியும் எழாத தூக்கம் இவற்றில் எது வந்தாலும் உடனே அவசர எண் 911-ஐ அழையுங்கள்.

மாமனாருக்கு வருகிறேன். பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா மடியில் கிடக்கும்போது, ஒரு பக்கத்தில் தொடங்கும். டம்ளரைத் தூக்கும்போது நடுங்குவது பெரும்பாலும் வேறு வகை. அது குடும்பங்களில் தொடர்வதுண்டு, ஆனால் அது பார்க்கின்சன் அல்ல. தைராய்டு கோளாறும் சில ஆஸ்துமா மருந்துகளும்கூடக் கையை நடுங்க வைக்கும். நடை மெதுவாகியிருக்கிறதா, கையெழுத்து சிறுத்துவிட்டதா, வாசனை தெரியாமல் போயிற்றா, தூக்கத்தில் கை காலை உதறுகிறாரா என்று அத்தையிடம் விசாரியுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஒரு நியூரோ டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.