மாத்திரை மறைத்த கிருமி

கேள்வி: டாக்டர், ஆறு மாதமாக மேல்வயிற்று வலி. தினமும் அமிலத்தைக் குறைக்கும் பான்டாபிரசோல் மாத்திரை போடுகிறேன். மூச்சுப் பரிசோதனையில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இல்லை என்று வந்தது. வலி மட்டும் போகவில்லையே?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த 'இல்லை'யை நான் நம்ப மாட்டேன், அம்மா. பரிசோதனைக்கு முன் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களா?

நீங்கள் குடித்த கரைசலில் இருந்தது யூரியா. கிருமி அதை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கும். அந்த வாயுவைத்தான் மூச்சில் தேடுகிறோம். வயிற்று அமிலத்தில் உயிர் பிழைக்கவே கிருமி இந்த வேலையைச் செய்கிறது. அதன் உடலில் யூரியா நுழையும் வாசல், சுற்றிலும் அமிலம் இருந்தால்தான் திறக்கும். மாத்திரை அமிலத்தை அடக்கியதும் வாசல் சாத்திக்கொள்கிறது. கிருமிகளின் எண்ணிக்கையும் சரிகிறது. யூரியாவோடு சிட்ரிக் அமிலம் கலந்து கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் அம்மாவுக்கே முதலில் 'இல்லை' என்றுதான் வந்தது. மாத்திரையை நிறுத்திப் பார்த்தோம், கிருமி இருந்தது. எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

உங்கள் மருத்துவரைக் கேட்டு 14 நாள் பான்டாபிரசோலை நிறுத்துங்கள். ஆன்டிபயாடிக்கோ, பிஸ்மத் என்ற வயிற்று மருந்தோ சாப்பிட்டிருந்தால் 4 வார இடைவெளி வேண்டும். பிறகு வெறும் வயிற்றில் மறுபரிசோதனை. இடையில் எரிச்சலுக்கு சாதாரண ஆன்டாசிட் திரவம் போதும். மலம் கறுப்பாகப் போனால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.