டெக்சாஸின் ரைட் பேட்மன்: கேள்வி பதில்

கேள்வி: பேட்மன் யார்?

பதில்: டெக்சர்கானா நகரை உள்ளடக்கிய டெக்சாஸ் முதல் தொகுதியின் உறுப்பினராக, 1929 முதல் 1976இல் இறக்கும்வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் இருந்த ஜனநாயகக் கட்சிக்காரர். இன்றைய கட்சிக் கணக்கைக் கொண்டு அவரை எடைபோட வேண்டாம்.

கேள்வி: படைவீரர் போனஸ் விவகாரத்தில் அவர் பங்கு என்ன?

பதில்: முதல் உலகப் போர் வீரர்களுக்கு 1945இல் தருவதாக 1924ஆம் ஆண்டுச் சட்டம் வாக்களித்திருந்த தொகையை உடனே தர வேண்டும் என்பதே அவர் மசோதா. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த வீரர்கள் 1932இல் ஆயிரக்கணக்கில் வாஷிங்டனில் கூடாரமடித்துக் காத்திருக்க, ஜூன் 15 அன்று பிரதிநிதிகள் அவை அதை நிறைவேற்றியது. இரண்டே நாளில் செனட் 62க்கு 18 என்ற கணக்கில் தோற்கடித்தது. அடுத்த மாதம் ராணுவம் வீரர்களை விரட்டியடித்தது. 1935இல் பணம் அச்சிட்டு வழங்கும் மசோதாவுடன் பேட்மன் மீண்டும் வந்தபோது, அவருடைய கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டே நேரில் அவைக்கு வந்து அதை நிராகரித்தார். 1936 ஜனவரியில்தான், பத்திரங்களாக வழங்கும் சட்டம் குடியரசுத் தலைவரின் மறுப்பை மீறி நிறைவேறியது. முன்னதாக, 1932 ஜனவரியில், நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெலன்மீது அவர் பதவிநீக்கக் குற்றச்சாட்டும் கொண்டுவந்தார். விசாரணை முடியுமுன் மெலனைப் பிரிட்டனுக்குத் தூதராக அனுப்பிவிட்டார் அப்போதைய குடியரசுத் தலைவர் ஹூவர்.

கேள்வி: பெருங்கடைகளுக்கு மட்டும் விலைச் சலுகை தருவதைத் தடுத்த 1936ஆம் ஆண்டு ராபின்சன்–பேட்மன் சட்டம் சிறுகடைகளைக் காப்பாற்றியதா?

பதில்: போட்டிச் சட்டம் படித்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வை ஒழிக்க முயன்றாரா?

பதில்: இல்லை. அதைத் தணிக்கைக்கு உட்படுத்தவும் நாடாளுமன்றத்தின் பிடிக்குள் கொண்டுவரவும் போராடினார். இதே கேள்வியை மூன்று பேர் அனுப்பியுள்ளனர். மூவருக்கும் இதுவே பதில்.

கேள்வி: ஏழைகளின் தோழர் என்கிறார்கள். 1956ஆம் ஆண்டுத் தெற்கு அறிக்கையில் கையெழுத்திட்டவர் அல்லவா?

பதில்: ஆம். 1920களில் மாநிலச் சட்டமன்றத்தில், பின்னாளில் குடியரசுத் தலைவரான லிண்டன் ஜான்சனின் தந்தை சாம் ஜான்சனோடு சேர்ந்து வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் கிளானை எதிர்த்தவர்தான், பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாதென்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான அந்த அறிக்கையிலும் கையெழுத்திட்டார்.

மறுப்பு: தொகுதியின் நிர்ப்பந்தம். கையெழுத்திடாதவர் அங்கே தோற்றிருப்பார்.

பதில்: அண்டைத் தொகுதியின் சாம் ரேபர்ன் கையெழுத்திடவில்லை, தோற்கவுமில்லை.

மறுப்பு: ரேபர்ன் அவைத்தலைவர். அவர் கதை வேறு.

பதில்: டெக்சாஸ் உறுப்பினர்களில் பெரும்பாலோர் கையெழுத்திடவில்லை, அவர்கள் எல்லாரும் தலைவர்கள் அல்லர். வெள்ளை விவசாயியின் கடன்சுமையைக் கண்ட கண், அதே மாவட்டத்துக் கறுப்பின விவசாயியின் பிள்ளைக்குப் பள்ளிக் கதவு அடைபட்டதைக் காண மறுத்தது. இதை நிர்ப்பந்தம் என்று பூசி மெழுக எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: வாட்டர்கேட்டை முதலில் விசாரித்தவர் அவர்தானா?

பதில்: பிரதிநிதிகள் அவையில் முதலில் முயன்றவர் என்று சொல்லலாம். 1972இல் வாட்டர்கேட் கட்டடத்திலிருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்தில் ஊடுருவியவர்களுக்குப் பணம் வந்த வழியைத் தேட, அவையின் வங்கிக் குழுத் தலைவரான அவர் அழைப்பாணை கேட்டார். 1972 அக்டோபர் 3 அன்று குழு 20க்கு 15 என அதை நிராகரித்தது; எதிர்த்து வாக்களித்தவர்களில் சொந்தக் கட்சியினரும் உண்டு. சில நாள் கழித்து, சாட்சிகள் வராத காலி நாற்காலிகளைப் பார்த்தே விசாரணை நடத்தினார்.

கேள்வி: அப்படிப்பட்டவரைப் பிறகு சொந்தக் கட்சியே கவிழ்த்தது ஏன்?

பதில்: வாட்டர்கேட் அலையில் வென்று வந்த புதிய உறுப்பினர்களுக்கு 81 வயதுக்காரரின் பிடி தளர்ந்திருப்பதாகத் தோன்றியது. அவர்கள் வாக்குகளோடு, 1975இல் வங்கிக் குழுவின் தலைமை விஸ்கான்சினின் ஹென்றி ரியூஸுக்குப் போனது.

கேள்வி: இன்றிருந்தால் எந்தக் கட்சியில் இருப்பார்?

பதில்: முதல் பதிலைப் படிக்கவும்.