சேற்றில் தங்கிய எண்ணெயும் வேரில் ஒட்டிய ஆளியும்

எண்ணெய்க் கசிவு ஆளி முதலான சிப்பியினங்களை நெடுநாளில் என்ன செய்கிறது என்பது பற்றிய உங்கள் கேள்விகளுக்கு, பனாமாவின் கரீபியக் கரையிலுள்ள பாஹியா லாஸ் மினாஸ் விரிகுடாவை முன்வைத்தே விடை தருகிறேன். 1986 ஏப்ரலில் அங்கே ஒரு சுத்திகரிப்பு ஆலையின் சேமிப்புத் தொட்டி உடைந்து, 80 லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. அருகில் கலேட்டாவில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆய்வகம் இருந்ததால், கசிவுக்கு முந்தைய நிலையும் பதிவாகியிருந்தது. இத்தகைய வாய்ப்பு ஆய்வாளர்களுக்கு அரிதாகவே கிட்டுகிறது.

கேள்வி (கல்லூரி மாணவி): வெப்ப நாடுகளில் எண்ணெய் விரைவில் ஆவியாகிச் சிதைந்துவிடாதா?

பதில்: நீர்ப்பரப்பில் மிதப்பது ஓரளவு அப்படித்தான் ஆகும். ஆனால் நண்டு வளைகள் வழியே அலையாத்திக் காட்டுச் சேற்றுக்குள் இறங்கிய எண்ணெய்க்கு அங்கே வெயிலும் இல்லை, நுண்ணுயிர்கள் அதனை விரைந்து சிதைப்பதற்கு வேண்டிய ஆக்சிஜனும் இல்லை. அதே கரையருகே 1968இல் விட்வாட்டர் என்ற கப்பல் உடைந்து சிந்திய எண்ணெயின் எச்சத்தை, இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் சேற்றில் கண்டறிந்தார்கள்.

கேள்வி (மீனவர் ஒருவர்): மீனைவிட ஆளிக்குப் பாதிப்பு அதிகம் என்கிறார்களே, ஐயா?

பதில்: மீன் விலகி நீந்திவிடும்; உடலில் சேர்ந்த எண்ணெய்ச் சேர்மங்களையும் கல்லீரலில் மாற்றி வெளியேற்றும். ஓரிடத்தில் ஒட்டியபடி நீரை வடிகட்டி உண்ணும் ஆளிக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. தூய நீர் கிடைத்தால் சில வாரங்களில் நஞ்சு குறையும் என்றாலும், அந்த விரிகுடாவில் மழையும் ஓதமும் சேற்றிலிருந்து எண்ணெயை மீண்டும் மீண்டும் கிளப்பியதால், ஐந்தாண்டுகளுக்குப் பின்னரும் அவற்றின் தசையில் எண்ணெய் சேர்ந்துகொண்டிருந்தது.

கேள்வி (ஆசிரியர்): செத்தவற்றின் இடத்தில் ஏன் புதிய குஞ்சுகள் ஒட்டவில்லை?

பதில்: என் பார்வையில் இதுவே தலையாய கேள்வி. அங்குள்ள சிவப்பு அலையாத்தி நம் சுரபுன்னையின் உறவு. அதன் தாங்கு வேர்கள்தாம் நீருக்கடியில் ஆளிக்குப் பாறையாக உதவுகின்றன. எண்ணெயால் மரம் பட்டுப்போனபோது அவ்வேர்கள் உளுத்து முறிந்து, மேலே ஒட்டியிருந்த உயிர்களோடு வீழ்ந்தன. மீண்ட ஓரங்களிலும் நீரைத் தொடும் வேர்கள் குறைவாகவும் குட்டையாகவும் இருந்ததால், இளம் ஆளி உயிரோடு வந்து சேர்ந்தாலும் அமர இடமில்லை. அலை மோதும் வெளிக்கரை ஓரளவு விரைவில் தேறியது. ஒதுக்குப்புறமான கால்வாய்களிலும் ஓடைகளிலும் ஆளிகளும் அவற்றைப் போன்ற சிறு மட்டிகளும் ஐந்தாண்டாகியும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

கேள்வி (இல்லத்தரசி): ஆளியில் எண்ணெய் வாடை இல்லையென்றால் சமைக்கலாமா?

பதில்: கூடாது. வாடை போன பின்னும் நஞ்சு தங்கியிருக்கலாம். ஆய்வகச் சோதனை வேண்டும்.

கேள்வி (பொறியாளர்): வாய்க்கால் வெட்டி எண்ணெயை வடித்திருக்கலாமே?

பதில்: அங்கே அதைத்தான் செய்தார்கள். எண்ணெய் வெளியே வடிவதற்கு மாறாகக் காட்டின் உட்புறத்துக்கு ஏறியது. மிதிபட்டும் வெட்டுப்பட்டும் மேலும் பல மரங்கள் கெட்டன.